மணவாளக்குறிச்சி மணலுக்கு வயது 55 கோடி

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் இருக்கிறது மணவாளக்குறிச்சி. ஆனி, ஆடி மாதங்களில் கடல் அடித்து ஓய்ந்த பிறகு அந்த ஊரின் கரை கறுத்துக் கிடக்கும். ஊரார் அதைக் கருமணல் என்கிறார்கள். அரசுக் காகிதங்களில் அது தாது மணல். ஒரு கை அள்ளிப் பார்த்தால், அதே அளவு ஆற்று மணலைவிடக் கனம் கூடுதல் என்று உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். வெள்ளைத்தாளில் கொஞ்சம் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கறுப்பு கலைந்து பல நிறங்கள் வெளிப்படும். ஏறத்தாழ பாதி, மினுமினுக்கும் கரிய இல்மனைட். இளஞ்சிவப்பாக இருப்பது கார்னெட். கண்ணாடிச் சில்லுபோல நிறமில்லாமல் இருப்பது சிர்கான். இவற்றின் நடுவே நூற்றுக்குச் சில துகள்கள் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில், முனை மழுங்கி உருண்டையாக இருக்கும். அவைதான் மோனசைட். பெரும்பாலான துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது.

அந்த மோனசைட் துகளின் கதையை எழுத எனக்கு வெகுநாளாக ஆசை. கண்டங்கள் நகர்வது, எரிமலை வெடிப்பது, நிலம் நடுங்குவது, பாறை மண்ணாவது என்று பள்ளிப் பாடநூலில் நான்கு அத்தியாயங்களாகப் பிரித்துக் கொடுத்ததை எல்லாம் இந்த ஒரே துகள் தன் வாழ்க்கையில் பார்த்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கண்டங்களை நகர்த்தும் வெப்பத்தின் மூலப்பொருளில் ஒரு துளியை அது தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு வந்திருக்கிறது. அந்தப் பொருளின் பெயர் தோரியம்.

மோனசைட் ஒரு பாஸ்பேட் தாது. சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் பாஸ்பரஸோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து உண்டாவது. இந்தியக் கடற்கரை மோனசைட்டில் இவற்றோடு 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடும், மிகச் சிறிதளவு யுரேனியமும் கலந்திருக்கின்றன. தோரியம் அணுக்கள் பூமியில் உண்டானவை அல்ல. சூரியனும் பூமியும் பிறப்பதற்கு முன்பே, வேறு விண்மீன்களின் பேரழிவில் உருவானவை. 454 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திரண்டபோது அதனோடு சேர்ந்து வந்தன. தோரியத்தின் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டுகள். பூமி திரண்டபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்றும் சிதையாமல் இருக்கிறது.

ஒவ்வொரு தோரியம் அணுவும் சிதையும்போது கொஞ்சம் வெப்பம் வெளிவரும். தோரியம், யுரேனியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் பூமி முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அந்தச் சிறு வெப்பங்களெல்லாம் சேர்ந்தால் கணக்கு பெரிது. ஜப்பானில் மலைக்கு அடியில் அமைத்த காம்லேண்ட் ஆய்வுக்கூடம், பூமிக்குள்ளிருந்து வரும் எதிர் நியூட்ரினோக்களை எண்ணி 2011-இல் ஒரு முடிவை வெளியிட்டது. பூமி உள்ளிருந்து வெளிவிடும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி இந்தச் சிதைவிலிருந்து வருகிறது. மீதி பூமி உருவான காலத்தின் பழைய சூடு. இந்த வெப்பம்தான் பூமியின் கவச அடுக்கை, திடமாக இருக்கும்போதே, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புரளவைக்கிறது. அதன்மேல் ஏழு பெரிய தட்டுகளும் பல சிறிய தட்டுகளுமாக உடைந்து கிடக்கும் பூமியின் ஓடு நகர்கிறது. சில தட்டுகள் விலகுகின்றன, சில மோதுகின்றன, சில ஒன்றின் கீழ் ஒன்று இறங்குகின்றன. மலையும் எரிமலையும் நிலநடுக்கமும் பெரும்பாலும் இந்தத் தட்டுகளின் விளிம்புகளில்தான்.

நம் துகள் பிறந்ததும் அப்படி ஒரு விளிம்பில்தான். இன்றைய ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றோடொன்று வந்து முட்டி, கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்ட காலம் அது. நடுவில் இருந்த பழைய கடல் மூடியது. அதன் அடியில் படிந்திருந்த களிமண்ணும் மணலும் மோதலில் மடிந்து, மேலே எழுந்த மலைத்தொடரின் பாரத்தில் 20, 25 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கின. அங்கே வெப்பநிலை 900 டிகிரி செல்சியஸை எட்டியது. சாதாரணமாகக் கண்டத்தின் ஓட்டில் கிலோமீட்டருக்கு 25 டிகிரி வீதம் சூடு கூடும். அந்தக் கணக்குப்படி 25 கிலோமீட்டரில் 650 டிகிரிகூட வராது. மிச்ச வெப்பம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி புவியியலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. அடியிலிருந்து எரிமலைக்குழம்பு ஏறிச் சூடேற்றியிருக்கும் என்று சிலர் கருதினார்கள். மோதலில் தடித்துப்போன கண்ட ஓட்டுக்குள் இருந்த தோரியமும் யுரேனியமுமே, வெளியேற வழியில்லாமல் பல கோடி ஆண்டுகள் அடைபட்ட வெப்பத்தால் அந்தப் பாறைகளைச் சமைத்தன என்பது வேறு சிலரின் முடிவு. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. மோனசைட்டை உண்டாக்கிய அடுப்பின் விறகே அதன் உள்ளிருக்கும் பொருள்தான் என்று அதற்கு அர்த்தம்.

அந்தச் சூட்டில் களிமண் களிமண்ணாக இருக்கவில்லை. கார்னெட்டும் சிலிமனைட்டும் நிறைந்த கோண்டலைட் பாறையாக மாறியது. அதன் அருகில் கரும்பச்சை நிறத்தில், எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்போடு சார்னோக்கைட் உருவானது. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள குன்றுகளில் இது நிறைய. சென்னைப் பல்லாவரத்திலும் இருக்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்த கல் இந்த வகை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார். பாறைகள் பாதி உருகிய நிலையில் அவற்றுக்குள் சிதறிக் கிடந்த அருமண் தனிமங்களும் தோரியமும் பாஸ்பரஸோடு கூடி மோனசைட் படிகங்களாக வளர்ந்தன.

சில துகள்களை நடுவே வெட்டி மெருகேற்றி எலக்ட்ரான் கதிரின் கீழ் வைத்தால் ஒரு விசித்திரம் தெரியும். நடுப்பகுதி ஒரு வயது, வெளி வளையம் வேறொரு வயது. பழைய படிகம் ஒன்று கரையாமல் தப்பி, அதைச் சுற்றிப் புதிய மோனசைட் வளர்ந்திருக்கிறது என்று பொருள். வயதை எப்படிச் சொல்கிறார்கள்? ஒவ்வொரு தோரியம் அணுவும் ஆறு ஆல்ஃபா துகள்களை உமிழ்ந்து கடைசியில் ஈயமாகிறது. அந்த ஈயம் படிகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு தோரியம், எவ்வளவு ஈயம் என்று அளந்தால் காலம் கிடைக்கும். அச்சன்கோவிலுக்குத் தெற்கே உள்ள பாறைகளின் மோனசைட்டில் பெரும்பாலும் வருவது 50 முதல் 60 கோடி ஆண்டுகளுக்குள் விழும் எண்கள். 55 கோடி என்று வைத்துக்கொண்டால், அத்தனை காலத்தில் நூறு தோரியம் அணுக்களில் கிட்டத்தட்ட மூன்றுதான் சிதைந்திருக்கின்றன. மீதி 97 இன்னும் காத்திருக்கின்றன.

சிதைந்த அந்த மூன்றின் தடயத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவிய பாறைத் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால், கார்டியரைட் என்ற தாதுவுக்குள் புதைந்த மோனசைட்டைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம் ஒன்று இருக்கும். தோரியம் உமிழ்ந்த ஆல்ஃபா துகள்கள் பக்கத்துத் தாதுவுக்குள் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தூரம் பாய்ந்து நின்ற எல்லை அது. டப்ளினில் ஜான் ஜாலி இதை 1907-இல் விளக்கினார். பூமியின் உள்வெப்பத்தை ஒரு படமாகப் பார்க்க வேண்டுமானால் இதைவிட நேரடியான படம் எனக்குத் தெரியாது.

பிறந்த துகள் உடனே எங்கும் புறப்படவில்லை. அதன் தலைக்குமேல் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை இருந்தது. மழையும் காற்றும் பனியும் மேலிருந்ததைச் சுரண்டச் சுரண்ட, பாரம் குறைந்து அடியில் இருந்தது மெல்ல உயர்ந்தது. சராசரி போட்டால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் 25-இல் ஒரு பங்கு. மேலே போகும் இந்தப் பயணம்தான் துகளின் வாழ்க்கையில் மிக நீண்டது. சொல்வதற்கு மிகக் குறைவாக இருப்பதும் இதில்தான்.

அது பாறைக்குள் உறங்கிக்கொண்டிருக்க, பாறையைத் தாங்கிய நிலம் பயணப்பட்டது. கோண்ட்வானாவில் இன்றைய குமரி நிலத்துக்குப் பக்கத்தில் ஒருபுறம் மடகாஸ்கரும் மறுபுறம் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவிலிருந்து கழன்றன. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தன. அந்தப் பிரிவு எரிமலைகளோடு நடந்தது. கர்நாடகத்தின் உடுப்பிக்கு அருகில் மால்பே கடலில் உள்ள செயின்ட் மேரீஸ் தீவுகளுக்குப் போனால், ஆறு பட்டை, ஐந்து பட்டைத் தூண்களாக இறுகி நிற்கும் எரிமலைப் பாறையைப் பார்க்கலாம். மடகாஸ்கர் விலகிய காலத்தில் கொட்டிய குழம்பு அது. அன்று கிழிந்த விளிம்பின் எச்சம்தான் அரபிக்கடலைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் தென்கோடி மகேந்திரகிரியைத் தாண்டி மருந்துவாழ் மலையில் முடிகிறது.

பிரிந்தவர்கள் சொத்தைப் பகிர்ந்துகொண்டுதான் போனார்கள். மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையில் ஃபோர்ட் டோஃபினை ஒட்டி இதே இல்மனைட், சிர்கான், மோனசைட் மணல் இருக்கிறது. இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் இருக்கிறது. மூன்று கரைகளிலும் உள்ள பாறைகள் ஒரே மோதலில், ஒரே சூட்டில் வெந்தவை. புல்மோட்டைக் கரையில் நிற்கும் ஒருவரும் மணவாளக்குறிச்சிக் கரையில் நிற்கும் ஒருவரும் ஒரே மலைத்தொடரின் வேர்களை மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தனியான இந்தியத் தட்டு வடக்கே விரைந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அது இன்றைய ரீயூனியன் தீவுக்குக் கீழே உள்ள வெப்பப் புள்ளியைக் கடந்தபோது தக்காணத்தின் மேற்குப் பகுதி பிளந்து எரிமலைக்குழம்பு வெள்ளமாகப் பாய்ந்தது. அரித்தது போக எஞ்சியதே இன்று சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாபலேஸ்வரத்தின் படிக்கட்டு மலைகள் அந்தக் குழம்பின் அடுக்குகள். குமரி நிலம் அப்போது அங்கிருந்து வெகு தெற்கே இருந்ததால் நம் துகளை அந்த நெருப்பு தொடவில்லை. தட்டு நகர்ந்து போக, வெப்பப் புள்ளி தன் தடத்தை லட்சத்தீவு, மாலத்தீவு வழியாகக் கடலடியில் வரைந்துகொண்டே வந்தது. அதன் இன்றைய முனையான ரீயூனியனில் பித்தோன் டி லா ஃபுர்னேஸ் எரிமலை இப்போதும் வெடிக்கிறது.

அந்த நாட்களில் இந்தியத் தட்டின் வேகம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல். தட்டுகளில் இது அசுர வேகம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் போய் முட்டி வேகம் குறைந்தது. நடுவில் இருந்த டெத்திஸ் கடலின் படிவுகள் இமயமாக மடிந்து எழுந்தன. எவரெஸ்டின் உச்சியில் கடல் உயிரிகளின் எச்சம் இருப்பது அதனால்தான். முட்டிய பிறகும் தட்டு நிற்கவில்லை. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்கிறது. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும் ஒருவர், தான் பிறந்த அதே வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் பிறந்த இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்த நகர்வு இமயத்தின் அடியில் தடைபட்டுத் தேங்கி, தாங்க முடியாத கட்டத்தில் பாறை வழுக்கும்போதுதான் 2015 நேபாள நிலநடுக்கம் போன்றவை வருகின்றன.

தெற்கு முனையில் துகளுக்கு இப்போது வேறு அனுபவம். மேலிருந்த பாறை கரைந்து அது மேற்பரப்புக்கு அருகில் வந்துவிட்டது. இனி அதை விடுவிப்பது வெப்பமும் மழையும் மரவேரும். வெப்பமண்டல மழைநீரில் காற்றின் கரியமில வாயு கரைந்து மெல்லிய அமிலமாகிறது. மண்ணில் அழுகும் இலைகளும் வேர்களும் அதை இன்னும் கூர்மையாக்குகின்றன. அந்த நீர் பாறையின் விரிசலில் இறங்கினால் முதலில் தோற்பது ஃபெல்ட்ஸ்பார். அதிலிருந்த கால்சியமும் சோடியமும் பொட்டாசியமும் கரைந்து ஓடிவிட, எஞ்சியது வெள்ளைக் களிமண்ணாகும். கறுத்த தாதுக்களில் இருந்த இரும்பு துருப்பிடித்து எல்லாவற்றுக்கும் சிவப்புப் பூசும். குமரி மாவட்டத்தில் மலையடிவாரம் நெடுக நீங்கள் பார்க்கும் செம்மண் இப்படி வந்ததுதான். ரப்பரும் மரச்சீனியும் வாழையும் அதில்தான் நிற்கின்றன. ரோடு போட மேட்டை வெட்டிய இடங்களில் இந்த மாற்றம் முழுசாகத் தெரியும்: மேலே வேரோடிய மண், அதன்கீழ் செங்கல் பதத்தில் செம்புரை, அதன்கீழ் பாறையின் வரிகள் அழியாமல் ஆனால் விரலால் நெருடினால் உதிரும் மக்கிய பாறை, அடியில் கல்.

மோனசைட் அந்த அமிலத்துக்கு எளிதில் அசைவதில்லை. இல்மனைட், சிர்கான், கார்னெட், சிலிமனைட் ஆகியவையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சுற்றி இருந்தவை களிமண்ணாகிக் கரைய, இவை தனித்தனித் துகள்களாகச் செம்மண்ணுக்குள் விடுபட்டு நின்றன. ஒரு மழைக்காலத்தில் ஓடைநீர் அவற்றை வாரிக்கொண்டு போயிருக்கும்.

வேளிமலையில் பிறக்கும் வள்ளியாறு கடியப்பட்டணம் அருகே கடலில் விழுகிறது. சிறிய ஆறுதான். ஆனால் செங்குத்து மலையிலிருந்து குறுகிய தூரத்தில் கடலுக்கு இறங்குவதால், பெருவெள்ளத்தில் இழுத்து வரும் பொருள் அதிகம். 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளமாக உறைந்திருந்தபோது கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய கரை வெகுதூரம் வெளியே. ஆறுகள் அதுவரை மணலைக் கொண்டுபோய்ப் பரப்பின. பிறகு பனி உருகிக் கடல் ஏறியபோது அந்த மணலில் ஒரு பகுதியை அலைகள் திரும்பத் திரும்பப் புரட்டிக் கரைப்பக்கம் தள்ளின. காற்று அதில் நுண்ணியதை அள்ளி உள்நாட்டில் தேரிகளாகக் குவித்தது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சிவந்த தேரிகளிலும் இதே கனமணல் கலந்திருக்கிறது.

கரையில் நடக்கும் வேலையை நின்று பார்க்க வேண்டும். அலை மேலேறும்போது விசையோடு எல்லா மணலையும் தூக்கிவரும். இறங்கும்போது அதற்கு அவ்வளவு விசை இல்லை. தண்ணீரின் ஒரு பகுதி மணலுக்குள்ளேயே இறங்கிவிடும். இறங்குகிற மெல்லிய நீரால் குவார்ட்ஸ் மணலை இழுத்துப் போக முடிகிறது. அதன் அடர்த்தி 2.65. இல்மனைட்டின் அடர்த்தி 4.7, மோனசைட்டினது 5-ஐ ஒட்டி. கனமும் அதிகம், பொடியும் நுண்மை என்பதால் அவை பெரிய குவார்ட்ஸ் மணிகளின் இடுக்கில் பதுங்கி அங்கேயே தங்கும். அடுத்த அலை, அதற்கடுத்த அலை. பருவமழைக் கடல் கரையை அரிக்கும்போது வெள்ளை மணல் போய்விடும்; கறுப்பு மிஞ்சும். மலையில் ஒரு டன் பாறையில் ஒரு பிடிகூட இல்லாத மோனசைட், கரையில் நூற்றுக்குச் சில என்று திரண்டது இப்படித்தான். எந்த ஆலையும் மூலதனமும் இல்லாமல் கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செய்த புடைப்பு இது.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு, சுமத்ராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு பர்மா தட்டின் அடியில் இறங்கும் இடத்தில், பல நூற்றாண்டுகளாகத் தேங்கியிருந்த அழுத்தம் அவிழ்ந்தது. 1,200 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்குக் கடலடி வழுக்கியது. அளவு 9.1. எழுந்த அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து, நேர் எதிரில் இல்லாத மேற்குக் கரையையும் அடித்தது. குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஆகிய ஊர்களில் குடும்பம் குடும்பமாக மாண்டார்கள். மோனசைட்டைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த அதே தட்டின் நகர்வு, அதே கரையில் பிணங்களை அடுக்கியது. அந்த அலை கேரளத்தின் தென்கரையில் கடலடிக் கருமணலை வாரிப் போட்டதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இதை எழுதும்போது மணலைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. அங்கே மீன்பிடித்து வாழும் மக்களை விட்டுவிட்டு இந்தத் துகளின் கதையைச் சொல்ல முடியாது.

மனிதர்கள் இந்தத் துகளைக் கண்டுகொண்டது 1909-இல். குமரி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் தேடிவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலையை அவர் தொடங்கினார். முதல் உலகப் போர் மூண்டதும் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தோரியம். ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபோன் வெல்ஸ்பாக், 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கலந்த வலையைச் சுடரில் காட்டினால் கண்கூசும் வெள்ளொளி வரும் என்று கண்டிருந்தார். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் அதில் எரிந்தன.

நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அதே சரக்குதான். புது மேண்டிலை விளக்கில் கட்டி முதல்முறை எரித்தால் துணி கருகிப் போய், தோரியம் ஆக்சைடின் வெள்ளைக் கூடு மட்டும் தொங்கும். கைபட்டால் பொடியாகிவிடும் என்று பெரியவர்கள் பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். மலைத்தொடரின் வேரில் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த பொருள் அந்த வெளிச்சத்தைக் கொடுத்தது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு மோனசைட் அணுசக்திப் பொருளானது. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-இல் ஆலுவாவில் அதன் ஆலையை நேரு திறந்துவைத்தார். யுரேனியம் குறைந்த, தோரியம் மிகுந்த நாடு என்பதால் தோரியத்தில் முடியும் மூன்று கட்ட அணுமின் திட்டத்தை ஹோமி பாபா 1954-இல் வகுத்தார். இந்தியாவில் கண்டறிந்த மோனசைட் ஒரு கோடி டன்னுக்கும் அதிகம்.

மணவாளக்குறிச்சி ஆலையில் கடல் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது. திருகுபோல வளைந்திறங்கும் தொட்டிகளில் மணலும் நீரும் ஓட, லேசானது வெளிவிளிம்புக்கும் கனமானது உள்விளிம்புக்கும் ஒதுங்கும். உலர்த்திய பிறகு காந்தமும் உயர் மின்னழுத்தமும். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், மின்சாரமும் அதில் பாயும். சிர்கானில் இரண்டும் நடக்காது. மோனசைட்டைக் காந்தம் லேசாக இழுக்கும், ஆனால் மின்சாரம் பாயாது. இந்தச் சின்னச் சின்ன வேற்றுமைகளை வைத்தே ஒவ்வொன்றையும் தனியாக எடுக்கிறார்கள். பிறகு மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் சுடவைத்தால் படிகம் முதன்முறையாக உடைகிறது. பாஸ்பரஸ் டிரைசோடியம் பாஸ்பேட்டாகிச் சலவைப் பொருள்களுக்குப் போகும். நியோடிமியம் காந்தமாகி மின்வண்டியின் மோட்டாருக்கும் கைபேசியின் ஒலிபெருக்கிக்கும் போகும். 2025-இல் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்திய வாகன ஆலைகள் தவித்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

தோரியம் மட்டும் பெரும்பாலும் கிடங்கில் காத்திருக்கிறது. தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டு கல்பாக்கத்தில் காமினி என்ற 30 கிலோவாட் ஆய்வு உலை 1996 முதல் இயங்குகிறது. மூன்றாம் கட்டம் முழுமையாக இன்னும் வரவில்லை.

இப்போது துகளின் கதை வழக்குக்கும் போராட்டத்துக்கும் வந்து நிற்கிறது. தனியார் தாது மணல் எடுப்பதற்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணல் எடுக்கும் பொதுத்துறைத் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. அவர்களின் முதல் கவலை கடலரிப்பு. ஏற்கெனவே தூண்டில் வளைவுகளுக்கு இடையே கரை சுருங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த கவலை கதிரியக்கம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இதேபோன்ற மணல்மேல் வாழும் மக்களைத் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் நீண்டகாலம் தொடர்ந்து கவனித்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் முடிவை வெளியிட்டது. நல்ல ஆய்வு அது, மதிக்கிறேன். ஆனால் அது கிடந்த இடத்தில் கிடக்கும் மணலைப் பற்றியது. மணலைத் தோண்டி, கழுவி, மீதியைக் கொட்டும் இடத்தைப் பற்றியது அல்ல.

நாட்டுக்கு அருமண் தனிமங்கள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 55 கோடி ஆண்டுகளில் வந்து சேர்ந்த ஒரு பொருளை எடுக்க அனுமதி கொடுக்கும் முன், அந்தக் கரையில் இருப்பவர்கள் கேட்கும் கணக்கைக் கொடுப்பது அரசின் கடமை. தோண்டுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த கதிர்வீச்சு அளவுகள், கிணற்று நீரின் உப்பு, கரை ஆண்டுதோறும் எத்தனை மீட்டர் உள்வாங்கியது என்ற அளவு, எடுத்த மோனசைட் எவ்வளவு, அது எங்கே இருக்கிறது ஆகிய விவரங்களைத் தமிழில், ஆண்டுக்கு ஒருமுறை, மணவாளக்குறிச்சி முதல் கொல்லங்கோடு வரை ஒவ்வொரு உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அதைச் செய்யும்வரை புதிய குழி எதுவும் தோண்டக் கூடாது.